1971 கடற்படை விமானியின் பதக்கம் விற்பனைக்கு வந்தால்: எது அசல், எங்கே தேடுவது, எப்படிப் பாதுகாப்பது?

மல்லேஸ்வரத்தில் மார்கோசா ரோட்டுக்கும் சம்பிகே ரோட்டுக்கும் இடையில் உள்ள கிராஸ்களில் நடந்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். ஓட்டு வீடு ஒன்று அபார்ட்மென்ட்டாக மாறப்போகிறது. வாசலில் பழைய பீரோ, டிரங்குப் பெட்டி, கட்டுக் கட்டாகக் காகிதம். பக்கத்தில் குஜரிக்காரரின் தள்ளுவண்டி. நம்ம ஊர்ப் பாஷையில் காயலான் கடைக்காரர். இரும்புக்கு ஒரு விலை, பேப்பருக்கு ஒரு விலை. மதியத்துக்குள் வீடு காலி.

அந்தக் காகிதக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ராணுவம், விமானப்படை, கடற்படை, எச்ஏஎல் என்று வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் ஏராளமாகக் குடியிருக்கும் நகரம் பெங்களூரு. 1971 போரில் 25 வயதில் இருந்தவருக்கு இன்று 80 தாண்டிவிட்டது. அவர்களுடைய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் காலம் இது.

மல்லேஸ்வரத்தில் வாடகைக்கு இருக்கும் ஐடி நண்பர் ஒருவர் சென்ற வருடம் எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். பழைய பொருட்கள் விற்கும் ஆப் ஒன்றில் வந்த விளம்பரம்: '1971 விக்ராந்த் பைலட், வீர் சக்ராவுடன் மூன்று பதக்கம், 22,000 ரூபாய்'. "வாங்கலாமா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். அதைச் சரிபார்க்க நாங்கள் போட்ட மெனக்கெடல்தான் இந்தக் கட்டுரையின் ஆரம்பம்.

1971-ல் கடற்படை விமானிகள் என்ன செய்தார்கள்?

நினைவுப் பொருளை ஆராய முதலில் வரலாறு தெரிய வேண்டும். இல்லையென்றால் விற்பவர் சொல்வதுதான் வரலாறு.

இந்தியாவின் முதல் விமானம்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த். 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் இருந்த அந்தக் கப்பலில் இரண்டு வகை போர் விமானங்கள் இருந்தன. ஒன்று பிரிட்டிஷ் தயாரிப்பான சீ ஹாக். ஒருவர் மட்டுமே அமரும் ஜெட் விமானம். 'வெள்ளைப் புலிகள்' என்று அழைக்கப்படும் 300-வது படைப்பிரிவுக்குச் சொந்தமானது. இன்னொன்று பிரெஞ்சுத் தயாரிப்பான அலிஸே. புரொப்பெல்லரில் இயங்கும், மூன்று பேர் பறக்கும் நீர்மூழ்கி வேட்டை விமானம். 'கோப்ராஸ்' எனப்படும் 310-வது படைப்பிரிவுடையது. இவற்றுடன் மீட்புப் பணிக்காக சேத்தக் ஹெலிகாப்டர்களும் இருந்தன. சேத்தக்கை பெங்களூருவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது எச்ஏஎல்.

டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின. அடுத்தடுத்து சிட்டகாங், குல்னா, மோங்லா என்று தாக்குதல்கள் தொடர்ந்தன. 300-வது படைப்பிரிவின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. கப்பலின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் அதே விருது. விக்ராந்த்தில் பணியாற்றியவர்களுக்கு மொத்தம் 2 மகாவீர் சக்ரா, 12 வீர் சக்ரா.

மேற்கிலும் கடற்படை விமானிகள் இருந்தார்கள். டிசம்பர் 10 அன்று அரபிக் கடல் மேலே பறந்த அலிஸே விமானம் ஒன்றை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் சுட்டு வீழ்த்தியது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராயும் உடன் பறந்த இருவரும் திரும்பி வரவில்லை. 'காணாமல் போன 54 பேர்' என்று இன்றும் பேசப்படும் போர்க்காலப் பட்டியலில் ராயின் பெயர் இருக்கிறது.

'நேவி பைலட் என்றால் விக்ராந்த்': இந்த ஊகம் ஏன் தப்பு?

நண்பர் பார்த்த செட்டில் வீர் சக்ராவோடு பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் இருந்தன. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குத் தரப்பட்டது பூர்வி ஸ்டார். மேற்கு முனைக்கு பஸ்சிமி ஸ்டார். விக்ராந்த் இருந்தது கிழக்கில். நண்பர் உடனே, "அப்போ இது போலிதான், க்ளோஸ் பண்ணிடலாம்" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட முடியாது. கடற்படை விமானி மேற்கில் பறந்திருக்க வாய்ப்பே இல்லையா? நன்கு அறியப்பட்ட உதாரணம் ஒன்றே இருக்கிறது. 2004 முதல் 2006 வரை கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் அருண் பிரகாஷ், 1971-ல் இளம் கடற்படை விமானி. அப்போது அவர் விமானப்படைக்கு டெபுடேஷனில் அனுப்பப்பட்டு, 20-வது படைப்பிரிவில் ஹன்டர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். வீர் சக்ரா பெற்றது மேற்கு முனையில், விமானப்படையின் விமானத்தில். வெறும் ஊகத்தை வைத்துப் பார்த்திருந்தால் அவருடைய பதக்கத்தையும் நாம் போலி என்று ஒதுக்கியிருப்போம்.

டேட்டாவில் நாங்கள் அடிக்கடி செய்யும் தவறும் இதேதான்: பெரும்பான்மைக்குப் பொருந்துவதை எல்லோருக்கும் பொருத்திவிடுவது. பஸ்சிமி ஸ்டார் ஒரு கேள்வியை எழுப்புகிறது, அவ்வளவுதான். பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

பதக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

• விளிம்பு: சங்கிராம் மெடல் போன்ற வட்டப் பதக்கங்களின் விளிம்பில் பெறுபவரின் பெயர், பதவி, எண் பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கத்தின் அடையாள அட்டை அதுதான். விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால், விளிம்பைச் சுற்றி நான்கைந்து படங்கள் கேளுங்கள். தர மறுத்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

• ரிப்பன்: வீர் சக்ராவின் ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. மகாவீர் சக்ராவுக்குப் பாதி வெள்ளை, பாதி காவி. ஆனால் ரிப்பன் நைந்துபோனால் மாற்றுவது சகஜம். எனவே புது ரிப்பன் என்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. நிறம் மாறியிருந்தால் சந்தேகப்படலாம்.

• உலோகம்: வீர் சக்ரா வெள்ளியால் ஆனது. ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் சக்கரம், அதற்குள் பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். பின்பக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர்.

• பதவி: விருது கிடைத்தபோது என்ன பதவி, ஓய்வுபெற்றபோது என்ன பதவி என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசு ஆவணம் சொல்வது முதலாவது. நேவி கேப்டனும் ஆர்மி கேப்டனும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். நேவி கேப்டன் என்பது ராணுவத்தின் கர்னலுக்குச் சமம்.

இன்னொரு விஷயம். பதக்கத்தைத் தொலைத்தவர்கள் அதிகாரப்பூர்வமாக மாற்றுப் பிரதி பெற முடியும். சீருடைக்காகவும் ஃபிரேம் போடவும் கடைகளில் நகல் வாங்குவது பல குடும்பங்களில் வழக்கம். எனவே நகல் என்றாலே மோசடி என்று அர்த்தமில்லை. நகலை அசல் என்று விற்பதுதான் மோசடி.

பெயரை எங்கே சரிபார்ப்பது?

முதல் படி இலவசம். பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் வீரதீர விருதுகளுக்கான இணையதளத்தில் பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களைத் தேடலாம். எந்தச் செயலுக்காக விருது தரப்பட்டது என்ற குறிப்பும் அதில் இருக்கும். இரண்டாவது, இந்திய அரசிதழ். வீரதீர விருது எதுவானாலும் அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கும். பெயர் இரண்டிலும் இல்லையென்றால் 'வீர் சக்ரா' என்ற வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

உயிர்நீத்தவர் என்றால் டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் பெயர்ப் பட்டியலையும் பார்க்கலாம்.

சூழலைப் புரிந்துகொள்ள வைஸ் அட்மிரல் ஜி.எம். ஹிரானந்தானி எழுதிய கடற்படை வரலாற்று நூல் வரிசை நல்ல தொடக்கம். 1965 முதல் 1975 வரையிலான காலத்தைச் சொல்வது 'டிரான்சிஷன் டு டிரையம்ஃப்'. எந்தக் கப்பல் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதைப் பொருத்திப் பார்க்க இது உதவும்.

பணிப் பதிவேடு கேட்டால் தருவார்களா?

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். மாலுமிகளின் பதிவேடுகளைக் கவனிப்பது மும்பை மான்குர்த்தில் உள்ள மாலுமிகள் பதிவு அலுவலகம். அதிகாரிகளின் பதிவேடுகள் டெல்லியில் கடற்படைத் தலைமையகத்தின் பொறுப்பு. நெருங்கிய உறவினர் கேட்பதற்கும் சேகரிப்பாளர் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்று சொல்லி உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்க இடமிருக்கிறது. எனவே முடிந்தவரை குடும்பத்தினரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தனிநபரைப் பற்றிக் கேட்காமல் நிகழ்வைப் பற்றிக் கேட்டால் நிலைமை கொஞ்சம் மாறும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, 20 வருடங்களுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் பல விலக்குகள் பொருந்தாது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு தொடர்பான விலக்கு அப்போதும் பொருந்தும். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாட்கள் அவகாசம்.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் ஆவணங்களுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. போர்களின் பதிவுகளைச் சாதாரணமாக 25 வருடங்களில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றை நிபுணர்கள் மதிப்பிட்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. 1971 அந்த வரம்பைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. விண்ணப்பத்தில் இந்தக் கொள்கையைக் குறிப்பிடுவது நல்லது.

பதக்கத்தைவிட லாக்புக் ஏன் முக்கியம்?

சேகரிப்பாளர்கள் பதக்கத்துக்குப் பணம் கொடுப்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் தேடுவது லாக்புக்கை. விமானியின் ஒவ்வொரு பறப்பும் அதில் ஒரு வரி: தேதி, விமான வகை, விமான எண், உடன் பறந்தவர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், பகலா இரவா. கப்பலில் இறங்கியவர் என்றால் தளத்தில் இறங்கிய எண்ணிக்கையும் இருக்கும். மேலதிகாரி அவ்வப்போது பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார்.

அதனால்தான் அதைப் போலியாகத் தயாரிப்பது கஷ்டம், சரிபார்ப்பது எளிது. அலிஸேயில் மூன்று பேர் பறந்தார்கள் என்பதால், ஒரே பறப்பு ஒன்றுக்கு மேற்பட்ட புத்தகங்களில் பதிவாகியிருக்கும். சீ ஹாக்கில் ஒருவர்தான். 'சீ ஹாக்கில் நானும் அவரும் ஒன்றாகப் பறந்தோம்' என்று ஒரு கதை வந்தால், இரண்டு தனித்தனி விமானங்கள் என்றுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

போட்டோக்களிலும் தேதி ஒளிந்திருக்கிறது. விக்ராந்த்தின் முன்பக்கம் சறுக்கு மேடைபோல மேலே வளைந்திருந்தால் அது 1971 படம் அல்ல. அந்த வளைவு 1980களில் சீ ஹாரியர் விமானங்களுக்காகப் பொருத்தப்பட்டது. சீ ஹாரியரே இந்தியாவுக்கு வந்தது 1983 டிசம்பரில்தான். 'அப்பா போருக்குப் போனபோது எடுத்த படம்' என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும் படம் பல வருடம் பிந்தியதாக இருக்கலாம். பக்குவமாகச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் தொடர்பு உண்டா?

நிறையவே. இரண்டாம் உலகப் போரின்போது கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்க்கும் தளம் ஒன்று இயங்கியது. அதன் பெயர் எச்எம்எஸ் கருடா. சுதந்திர இந்தியா 1953 மே 11 அன்று கொச்சியில் திறந்த முதல் கடற்படை விமானதளத்துக்கும் ஐஎன்எஸ் கருடா என்றே பெயர். அதனால் 'கருடா' என்று எழுதிய பழைய காகிதம் கிடைத்தால், முதலில் வருடத்தைப் பாருங்கள்: கோவையா, கொச்சியா என்று தெரிந்துவிடும்.

இந்தியக் கடற்படையின் ஜெட் விமானிகள் பழகிய இடமும் கோவைக்குப் பக்கத்தில் உள்ள சூலூர்தான். 1961-ல் அங்கே தொடங்கிய ஐஎன்எஸ் ஹன்சா 1964-ல் கோவாவின் டாபோலிமுக்கு மாறியது. 1971-ல் சீ ஹாக் ஓட்டிய மூத்த விமானிகளின் லாக்புக்கில் சூலூர் என்ற பெயர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்எம்எஸ் ஹெர்மிஸும் விமானம்தாங்கிக் கப்பல்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படை விமானிகளைப் பற்றித் தேடுவோருக்கு லண்டன் அரசிதழ் இணையத்தில் இலவசம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவு நாட்குறிப்புகள் உள்ளன. யோவில்டனில் கடற்படை விமானப் பிரிவுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் வருடத் தொல்பொருட்கள் சட்டத்தின்படி, 100 வருடம் கடந்த பொருள் தொல்பொருள். ஆனால் வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் வரம்பு 75 வருடம். அதாவது 1942-ல் எழுதிய ஒரு முக்கிய நாட்குறிப்பு 2017-லேயே இந்த வரம்பைத் தொட்டுவிட்டது. அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. 1971 லாக்புக்குக்கு 2046 வரை காலம் இருக்கிறது.

சில பொருட்களைத் தொடவே வேண்டாம். தோட்டா, குண்டின் பாகம், வெடிக்கக்கூடிய எதுவானாலும் போலீசுக்குச் சொல்லுங்கள். 'ரகசியம்' என்று முத்திரையிட்ட வரைபடமோ கோப்போ கிடைத்தால் படம் எடுத்து இன்ஸ்டாவில் போடாதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923-லிருந்து அமலில் இருக்கிறது. பொது ஆவணத்தைக் கடற்படைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. படைவீரர் என்று பிறர் நம்பும்படி சீருடை அணிந்து நடமாடுவதும் குற்றம்.

கிடைத்ததை எப்படிப் பாதுகாப்பது?

• பதக்கத்தைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள பெயர் அழியும்.
• காகிதத்தை லேமினேட் பண்ணவே கூடாது. செல்லோ டேப்பும் வேண்டாம். இரண்டையும் பின்னால் எடுக்க முடியாது.
• அமிலமில்லாத காகித உறை, அதன்மேல் மூடியுள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். பெங்களூரு மழைக்காலத்து ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் முக்கிய எதிரிகள். பரணிலும் பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள்.
• ஆவணங்களைக் குறைந்தது 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். லாக்புக் என்றால் காலிப் பக்கங்களையும் சேர்த்து அட்டை முதல் அட்டை வரை.
• ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எக்செல் வரி: யாரிடமிருந்து, எந்த நாளில், எந்த நிலையில் வந்தது, அவர்கள் சொன்ன கதை என்ன. கதையை 'சொன்னது' என்றும், ஆவணத்தில் பார்த்ததை 'பார்த்தது' என்றும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.
• ஒருவரின் பதக்கங்களையும் காகிதங்களையும் பிரித்து விற்காதீர்கள், பிரித்தும் வாங்காதீர்கள். பிரிந்தால் யார் என்று கண்டுபிடிக்கும் வழியும் போய்விடும்.

குடும்பத்துக்கு வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், கோவா போக்மாலோவில் 1998-ல் திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகத்தை அணுகலாம். சீ ஹாக், அலிஸே இரண்டையும் அங்கே நேரில் பார்க்கலாம். கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துக்கொள்வதும், எழுத்தில் ஒப்புகை வாங்குவதும் அவசியம்.

விக்ராந்த் என்ன ஆனது?

1997 ஜனவரி 31 அன்று ஓய்வுபெற்ற விக்ராந்த், மும்பையில் சில வருடங்கள் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்கப் பணமில்லை, பாதுகாப்பில்லை என்று 2012-ல் மூடப்பட்டது. 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம்போய், நீதிமன்றம் வரை வழக்கு நடந்தும் காப்பாற்ற முடியாமல், அந்த வருட இறுதியில் உடைக்கும் வேலை ஆரம்பித்தது. அந்த இரும்பின் ஒரு பகுதியைத்தான் பஜாஜ் வாங்கி 2016-ல் 'வி' பைக்கில் சேர்த்தது. உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் இன்றும் ஒன்று நிற்கலாம்.

19,000 டன்னுக்கு மேற்பட்ட ஒரு கப்பலையே வைத்துக்கொள்ள முடியாத நாட்டில், ஒரு டிரங்குப் பெட்டிக்கு யார் பொறுப்பு? சட்டப்படி யாரும் இல்லை. வீட்டைக் காலி செய்பவர்தான் அந்த நிமிடத்தில் அதன் ஆவணக் காப்பாளர்.

அந்த 22,000 ரூபாய் செட் என்ன ஆனது?

விளிம்புப் படம் கேட்டோம். மூன்று நாள் கழித்து வந்தது. சங்கிராம் மெடலின் விளிம்பில் ஒரு எண், ஒரு பெயர், பக்கத்தில் பதவியின் சுருக்கம். அது அதிகாரியின் பதவி அல்ல. ஒரு மாலுமியினுடையது. வீர தீர விருதுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. வீர் சக்ராவின் ரிப்பனில் நீலமும் காவியும் இருந்தன, ஆனால் உலோகம் வெள்ளி அல்ல.

ஆக, செட்டில் இருந்த வீர் சக்ரா நகல். சங்கிராம் மெடல் அசல்போலத்தான் தெரிந்தது. பஸ்சிமி ஸ்டாரும் அதோடு ஒத்துப்போனது. மேற்குக் கடலில் வேலை பார்த்த ஒரு மாலுமியின் நிஜமான பதக்கங்களோடு நகல் ஒன்றைச் சேர்த்து, 'விக்ராந்த் பைலட்' என்று பெயர் வைத்து விலையை ஏற்றியிருக்கிறார்கள். மாலுமி என்று சொன்னால் வாங்க ஆள் வராது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"இது யார் வீட்டிலிருந்து வந்தது?" என்று நண்பர் விற்பவரிடம் கேட்டார். பழைய பேப்பரோடு வந்தது என்றார் அவர். மறுநாள் விளம்பரத்தைக் காணோம்.

எங்கள் எக்செல்லில் அந்த எண்ணும் பெயரும் இன்னும் இருக்கின்றன. 'பார்த்தது' கட்டத்தில். அவருடைய குடும்பத்தார் யாராவது எப்போதாவது தேடினால் கொடுப்பதற்கு அது மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படையில் இருந்த தாத்தா ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு ஆல்பத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்வி போதும்: யார், எங்கே, எந்த வருடம்? பதிலைப் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள்.